வெள்ளை பாட்டில்

போன வாரம் சங்கீதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு மலையில் என் இடத்துக்கு வந்த நர்ஸ் அவள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார்களாம். குளுக்கோஸ் பாட்டில் அடுக்கும் அலமாரிக் கதவில் ஒரு பழைய தாள் ஒட்டியிருக்கிறது, அதை என்ன செய்வது என்று கேட்டாள்.

"உங்க கையெழுத்துன்னு சொன்னாங்க சிஸ்டர். பெயின்ட்டருக்கு அத்த சொரண்டணுமாம். எடுத்துடலாமா?"

"என்ன எழுதியிருக்குன்னு படி" என்றேன், எனக்குத் தெரியாதது போல.

படித்தாள். "ஒரு வாரத்துக்கு மேல் வாந்தி என்றால் வெறும் வெள்ளை பாட்டில் கிடையாது. முதலில் பி1, அப்புறம்தான் குளுக்கோஸ். போட்டதை மட்டும் எழுத வேண்டும்." படித்துவிட்டுச் சிரித்தாள். "முதல் ரெண்டு புரியுது சிஸ்டர். அது இன்னா, போட்டதை மட்டும் எழுதணும்? போடாதத யாராச்சும் எழுதுவாங்களா?"

நான் எழுதினேன். அதை போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். வேலையில் இருந்தவரை என் வாய்க்குப் பயந்துதான் பாதிப் பேர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு சின்னப் பெண்ணிடம் இதைச் சொல்ல முடியவில்லை.

நான் பிறந்தது வடக்கனந்தல் பக்கம். பெயர் அமலோற்பவம். கோயில் பங்குச் சாமியார் வைத்த பெயர், மலை ஏறியதும் அமலா சிஸ்டர் ஆகிவிட்டது. அப்பா அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு, விளைச்சலில் பாதிக்கு, பயிர் வைத்தவர். நர்சிங் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வருடம், கஞ்சி போட்ட சீருடை, நாள் தவறாத திட்டு. முதல் வேலை உளுந்தூர்பேட்டைப் பக்கம். நெடுஞ்சாலையில் லாரியும் பஸ்ஸும் மோதி அடிபட்டு வருகிறவர்களுக்கு ரத்தம் போய் நரம்பெல்லாம் ஒட்டிக் கிடக்கும். அந்தக் கைகளில் ஊசி ஏற்றக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட பிறகு ஒரு குத்துக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. இதை அடக்கமாகச் சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் எனக்கு அந்தப் பெருமை தலைக்கேறியே இருந்தது.

கல்வராயன் மலைக்கு மாற்றல் வந்தபோது கூட வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரித்தார்கள். நான் இரண்டு வருடத்தில் இறங்கிவிடலாம் என்றுதான் ஏறினேன். ஓய்வு பெறும்வரை இறங்கவில்லை. காரணம், அங்கே ஜனங்களுக்கு என் கை பிடித்துப்போயிற்று. கள்ளக்குறிச்சிக்கு இறங்கிப் போக வேண்டியவர்கள்கூட, "அமலா சிஸ்டரு இருக்குதா? அது போட்டா வலிக்காது" என்று வந்து உட்காருவார்கள். அவர்கள் கணக்கில் வைத்தியம் என்றால் பாட்டில்தான். மாத்திரை கொடுத்து அனுப்பினால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள். பாட்டில் ஏற்றி இரண்டு மணி நேரம் படுக்க வைத்தால் நடந்து வந்த அலுப்பும் தீரும், மனசும் நிறையும்.

நான் பாட்டில் போடும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பேன். தூசி ஒன்று மிதந்தாலும் தள்ளிவைத்துவிடுவேன். டியூபில் ஒரு காற்றுக்குமிழி இல்லாமல் வடியவிட்டு, அப்புறம்தான் கையைத் தொடுவேன். ஊசி ஏறியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணுவேன். வாந்தி, பலவீனம் என்று வருகிறவர்களுக்கு டாக்டர் விட்டமின் சேர்க்கச் சொல்லியிருப்பார். அது மஞ்சள் மருந்து, பி1 அதில்தான் இருக்கும். சிரிஞ்சில் இழுத்து ரப்பர் மூடி வழியாகக் குத்தினால் பாட்டில் முழுக்க மஞ்சளாகிவிடும். அதனால் மலையில் பாட்டிலுக்கு இரண்டே பெயர்: வெள்ளை பாட்டில், மஞ்சள் பாட்டில்.

டாக்டர் என்றால் டாக்டர் வரதராஜன். ஒல்லியான மனிதர், குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நோயாளி வாசலிலிருந்து மேசைவரை நடந்து வருவதை முழுசாகப் பார்ப்பார். சில பேரைத் திரும்ப வாசல்வரை போய் வரச் சொல்வார். "மலை ஏறி இறங்குற காலு சிஸ்டர், அது பொய் சொல்லாது" என்பார். அவர்கள் பேசி முடிக்கும்வரை பேனாவைத் தொடமாட்டார். படுக்கை நோயாளியிடம் வந்தால் கேஸ் ஷீட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிப்பார், நோயாளிக்கும் கேட்கிற மாதிரி. "நேத்து காலைல ஒரு பாட்டில் போட்டிருக்காங்க உங்களுக்கு. சரிதானா?" என்று அவர்களையே கேட்பார். எங்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். இவ்வளவு வேலையில் இது என்ன பள்ளிக்கூடப் பாடம் என்று முனகியிருக்கிறேன்.

இனி தனக்கொடி.

எங்கள் நிலையத்திலிருந்து ஏழு மைல் தள்ளி ஒரு குக்கிராமம் அவளுக்கு. பன்னிரண்டாவது படித்திருந்தாள். மலைக் கிராமங்களில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று பார்த்து எங்களிடம் கூட்டி வருகிற வேலை அவளுக்கு. கையில் நோட்டு கிடையாது. எந்த ஊரில் யாருக்கு எந்தத் தேதி என்று அப்படியே ஒப்பிப்பாள். "மாரியம்மாளுக்கு ஆவணி எட்டு. கோவிந்தி அண்ணி வூட்டுல ஐப்பசி பத்து. சின்னத்தாயிக்குத்தான்கா பயமா கீது, அதுக்கு ரத்தம் கம்மி." ஒரு நோட்டு வாங்கிக்கொடுத்து எழுதச் சொல்லித் திட்டினேன். "நோட்டு மழைல நனைஞ்சிரும்கா. இது நனையாது" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினாள். அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கும் பிள்ளை இல்லை, அவளுக்கும் கல்யாணமாகி மூன்று வருடமாகியும் இல்லை. மற்றவர்களுக்குத் தேதி சொல்லிவிட்டுத் தன் வயிற்றைப் பார்த்துக்கொள்வாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

ஒரு வைகாசியில் அவளே வந்து, "அக்கா, எனக்குத் தை இருவது" என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

ஆனி பிறந்ததும் வாந்தி ஆரம்பித்தது. எல்லோருக்கும் வருகிற வாந்தி அல்ல. தண்ணீர் குடித்தால் தண்ணீர் வரும். வீட்டில் ரேஷன் அரிசிக் கஞ்சியை வடித்துத் தெளிவை மட்டும் கொடுத்தார்கள், அதிலும் பாதி வெளியே வரும். டாக்டர் பார்த்து உத்தரவு எழுதினார்: வாந்தி நிற்க ஊசி, குளுக்கோஸ், விட்டமின் சேர்த்து, தேவைப்படும்போதெல்லாம். மறுவாரம் அவர் பயிற்சி ஒன்றுக்காகக் கீழே போனார், இருபது நாள். பதிலுக்கு வர வேண்டிய டாக்டர் வாரத்தில் ஒரு நாள் ஜீப்பில் வந்து, ஜீப்பின் எஞ்சின் ஆறுவதற்குள் திரும்பிவிடுவார்.

முதல் பாட்டிலை மஞ்சளாகத்தான் போட்டேன். அடுத்த தடவை அவளோடு மாமியார் பச்சையம்மாவும் வந்தாள். நல்ல மனுஷி. மருமகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாதித் தூரம் தூக்கியேதான் வந்திருந்தாள். நான் சிரிஞ்சில் மஞ்சள் மருந்தை இழுப்பதைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டரம்மா, மஞ்ச வாணாம். அது சூடு. போன தபா போட்டதுக்கு ஒண்ணுக்கு மஞ்சமஞ்சளா போச்சு. வயித்துல இருக்கிறது கலங்கிப்புடும். மூணு வருசம் கழிச்சித் தங்கியிருக்கு. வெள்ள பாட்டிலே போடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

விட்டமின் போட்டால் சிறுநீர் மஞ்சளாகத்தான் போகும். அது உடம்புச் சூடு அல்ல. இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், சொல்லிப் போட்டும் இருக்கிறேன். அன்றைக்கும் சொன்னேன். பச்சையம்மா கேட்கவில்லை. மஞ்சள்தான் என்றால் வேண்டாம், கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். தனக்கொடி கண்ணை மூடிக்கொண்டு, "வெள்ளையே போட்ருங்கக்கா, சண்ட வாணாம்" என்றாள். எதுவும் ஏறாமல் போவதற்கு வெள்ளையாவது ஏறட்டும் என்று நினைத்தேன். விட்டமின்தானே, அப்புறம் மாத்திரையாகக் கொடுத்தால் போயிற்று என்றும் நினைத்தேன். மாத்திரை வயிற்றில் நிற்காது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும்.

சிரிஞ்சைக் கீழே வைத்தேன். வெள்ளை பாட்டில் போட்டேன். ஒரே குத்து. பச்சையம்மா என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பாட்டில் முடிந்ததும் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். மேலே டாக்டரின் உத்தரவு இருந்தது. வழக்கம்போல அதைப் பார்த்து அப்படியே கீழே எழுதினேன்: குளுக்கோஸ் ஒன்று, விட்டமின் சேர்த்து. கையெழுத்து. ஏமாற்ற வேண்டும் என்று எழுதவில்லை. பழகின கை, தானாக எழுதிற்று. அப்படியே ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தாள். எட்டு வெள்ளை பாட்டில் போட்டேன். எட்டு தடவையும் விட்டமின் சேர்த்து என்று எழுதினேன்.

ஆனி முடிகிற வாரம் என்னிடம் வந்து சின்னத்தாயிக்கு ரத்தம் கம்மி என்றாள். ஊசி போடுவதற்குள் அதையே மறுபடி சொன்னாள். பாட்டில் பாதி இறங்கியதும் மூன்றாவது தடவை சொன்னாள். "அம்மா ஆகிறதுக்குள்ள உனக்கு வயசாயிடுச்சிடி" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். மாரியம்மாளுக்கு எந்தத் தேதி என்று சும்மா கேட்டேன். யோசித்தாள். என்னையே பார்த்துக்கொண்டு யோசித்தாள். "தெரியும்கா. இருங்க" என்றாள். அன்றைக்கு அவள் சொல்லவில்லை.

அடுத்த தடவை அவர்கள் நடந்தே வந்தார்கள், வாடகை ஜீப்பில் ஏற்றவில்லையாம். எங்கள் மலையைப் பற்றி ஊருக்கே தெரியும், சாராயத்துக்குப் பெயர் போனது. தள்ளாடி நடந்தால் வேறு எதையும் யோசிக்க மாட்டார்கள். டிரைவர், "பொம்பளையும் காலைலயே போட்டுக்கினு வர ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டானாம். பச்சையம்மா அதைச் சொல்லி அழுதாள். தனக்கொடி வாசலில் நின்றாள். காலை அகட்டி, சுவரைப் பிடித்து, ஒரு காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்தாள். டாக்டர் இருந்திருந்தால் அந்த நடையைப் பார்த்தே எழுந்திருப்பார். நான் பார்த்தேன். சாப்பாடு இல்லாத பலவீனம், பாட்டில் போட்டால் தெளியும் என்று முடிவு செய்து, அன்றைக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு போட்டேன். பாவம் என்று பார்த்து, ஒன்று கூடுதலாக.

சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் கண் விழித்துப் பார்த்தாள். கருவிழி ஒரு இடத்தில் நிற்கவில்லை, இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருந்தது. "டீச்சர், பெல்லு அடிச்சிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் டாக்டர் வரதராஜன் பயிற்சி முடிந்து வந்தார். பையைக்கூட வைக்காமல் அவளிடம் போனார். எழுப்பி நடக்கச் சொன்னார். இரண்டடி வைத்தாள், நான் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள். விரலைக் காட்டி இப்படியும் அப்படியும் பார்க்கச் சொன்னார். அப்புறம் கேஸ் ஷீட்டை எடுத்தார். வழக்கம்போலச் சத்தமாகப் படித்தார்.

"குளுக்கோஸ் ஒன்று, விட்டமின் சேர்த்து. குளுக்கோஸ் ஒன்று, விட்டமின் சேர்த்து." எல்லா வரியையும் படித்தார். நான் பக்கத்தில் நின்றேன். படித்து முடித்துத் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "இத்தன நாள் வாந்தி, தள்ளாட்டம், கண்ணு ஆடுது, மறதி. பி1 கொறஞ்சா இப்படித்தான் வரும் சிஸ்டர். சாப்பாடில்லாத உடம்புல வெறும் குளுக்கோஸ் போனா, இருக்கிற கொஞ்ச பி1-யும் அது இழுத்துக்கும். ஆனா இந்தப் பொண்ணுக்கு விட்டமின் போயிருக்கே. அப்ப இது வேற ஏதோ."

அந்த நிமிஷம்வரை நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரியாது, இது சத்தியம். அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. "சார், மஞ்சள் போடல" என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். பச்சையம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. நான் சொல்லவில்லை. இருபத்தைந்து வருட வேலை, கையெழுத்து, மெமோ, ஊர் பேச்சு, எல்லாம் ஒன்றாக முன்னால் வந்து நின்றது. ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டர் கடிதம் எழுதினார். விட்டமின் கொடுக்கப்பட்டிருக்கிறது, காரணம் புலப்படவில்லை, மூளையைப் பரிசோதிக்கவும். அந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டியது நான். தனக்கொடி ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு எனக்குக் கையாட்டினாள்.

கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர்கள் என்னவெல்லாம் பார்த்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தலைக்கு ஸ்கேன். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளைக்காய்ச்சலா, காசநோயா, விஷமா என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். இல்லாத இடத்தில் தேடினார்கள். இரண்டு நாள் போயிற்று.

அந்த இரண்டு நாளும் நான் வேலைக்குப் போனேன். ஊசி போட்டேன். உளுந்தூர்பேட்டையை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக ஒரு கிழவருக்கு மூன்று குத்து குத்தினேன். அவர் என்னைப் பார்த்து, "இன்னா சிஸ்டர், ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் மதியம் அவள் புருஷன் ஏழுமலை போன் செய்தான். கேரளாவில் மிளகுத் தோட்ட வேலையை விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான்.

"சிஸ்டர், இங்க டாக்டருங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கேக்கறாங்க, ஒன் பொண்டாட்டி சாராயம் குடிக்குமான்னு. இல்லன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. கல்வராயன் மலைன்னதும் சிரிக்கறாங்க சிஸ்டர். அது என்னையே பாத்து நீ யாருன்னு கேக்குது. நீங்கதான் அத்த நல்லா தெரிஞ்சவங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நீங்க சொன்னா நம்புவாங்க. நீங்க பெரியவங்க."

நான் போனை வைத்துவிட்டு டாக்டர் அறைக்குப் போனேன். டாக்டர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். எட்டு நாள் பாட்டில், பிறகு அந்த இரண்டு, எல்லாம் வெள்ளை. எழுதியது பொய். அவர் டிபன் பாக்ஸை மூடினார். கையைக்கூடக் கழுவாமல் இடது கையால் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார். பேசி முடித்து, பி1 போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகுதான் கை கழுவப் போனார்.

திரும்பி வந்து கேஸ் ஷீட்டின் நகலை என் முன் வைத்தார்.

"அடிங்க சிஸ்டர். ஒத்தக் கோடு. கிறுக்காதீங்க. அடிச்சது அடியில படிக்க வரணும். பக்கத்துல சரியானத எழுதி, இன்னைக்குத் தேதி போட்டு, கையெழுத்து."

ஒவ்வொரு வரியாக அடித்தேன். விட்டமின் சேர்க்கப்படவில்லை. விட்டமின் சேர்க்கப்படவில்லை. எட்டாவது வரியில் எழுத்து தெரியவில்லை, கண்ணீர். அவர் காத்திருந்தார். முடித்ததும் அவரே பேனாவை வாங்கி, கீழே ஒரு வரி எழுதினார்: சந்தேகம் இருந்தும் நானும் பி1 போடாமல் அனுப்பினேன். கையெழுத்துப் போட்டார்.

"சார், நீங்க ஏன்?" என்றேன்.

"போட்டு அனுப்பியிருக்கலாம் சிஸ்டர். கெடுதல் ஒண்ணும் இல்ல. அலமாரில மருந்து இருந்திச்சு. நான் அந்தப் பொண்ணோட நடையப் பாத்தேன், அப்புறம் காகிதத்த நம்பிட்டேன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மருந்து போன மறுநாளே கண் ஆடுவது நின்றது. ஒரு மாதத்தில் சுவரைப் பிடித்து நடந்தாள். வயிற்றுப் பிள்ளை தங்கிவிட்டது. மார்கழியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், குறைப்பிரசவம், பெண் குழந்தை. அவளுடைய ஞாபகம் மட்டும் திரும்பி வரவில்லை. பழையதெல்லாம் இருந்தது. புதிதாக எதுவும் தங்கவில்லை. நேரில் பேசுவதை ஐந்து நிமிஷம் வைத்திருப்பாள், அப்புறம் போய்விடும். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, "இது யாரு வூட்டுக் கொழந்த?" என்று கேட்பாள்.

அந்த இரண்டு நாள் முன்னாலேயே நான் சொல்லியிருந்தால் ஞாபகம் தப்பியிருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். "தெரியாது சிஸ்டர்" என்றார். அவர் மாற்றலாகிப் போகும் நாளில் இன்னொரு முறை கேட்டேன். அப்போதும் அதையே சொன்னார். எனக்கு மெமோ வந்தது, விசாரணை நடந்தது, தண்டனை கொடுத்தார்கள். கம்மியாகத்தான் கொடுத்தார்கள். அந்தத் தாளை அலமாரியில் ஒட்டியது நான் உண்மையைச் சொன்ன அந்த வாரத்தில்தான்.

சங்கீதா, இதுதான் அந்த மூன்றாவது வரிக்கு அர்த்தம். தாளைச் சுரண்டிவிடச் சொல். பெயின்ட் காய்ந்ததும் உன் கையெழுத்தில் நீயே எழுதி ஒட்டு. என் எழுத்து அங்கே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நாளைக்கு ஒரு மாமியார் வந்து கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளை பாட்டில் கேட்பாள். அவள் தன் பேரப்பிள்ளைக்காகக் கேட்கிறாள், அவள் மேல் தப்பில்லை. முடியாது என்று சொல்லத்தான் நமக்குச் சம்பளம்.

இதுவரை எழுதி நின்றுவிட்டது. சனிக்கிழமை வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன், அங்கிருந்து ஜீப். வருடத்துக்கு நான்கைந்து தடவை போவேன். ஒவ்வொரு தடவையும் தனக்கொடியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் அவள் புதிதாகக் கேட்டுத் திடுக்கிடுவாள். "வுடுங்கக்கா, வேணும்னா செஞ்சீங்க?" என்பாள். நான் ஒரு வாய் டீ குடிப்பதற்குள் அது அவளுக்குப் போய்விடும். நான் மன்னிக்கப்பட்டவளா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

இந்தத் தடவை பச்சையம்மா வாசலிலேயே மறித்தாள். பாதி உடம்பாகிவிட்டாள்.

"சிஸ்டரம்மா, இன்னிக்கு அத்த சொல்லாதீங்க. நீங்க சொல்ற ஒவ்வொரு தபாவும் அது புச்சா அழுவுது. நீங்க எறங்கிப் போனப்புறம் எதுக்கு அழுதோம்னு தெரியாமயே உக்காந்துக்கினு இருக்குது. வெள்ள கேட்டவ நானு. நான் ஒரு நாளும் அதுங்கிட்ட சொன்னதில்ல. நீங்களும் வுட்ருங்க."

ஒன்பது வருடமாக நான் எனக்காகத்தான் அங்கே போய்க்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சரி என்று தலையாட்டினேன்.

தனக்கொடி உள்ளே பாயில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் சந்தியா, நான்காவது படிக்கிறாள், உரித்ததைக் கழுவிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தனக்கொடிக்கு முகம் மலர்ந்துவிட்டது. என்னை அவளுக்குத் தெரியும், நான் பழைய ஞாபகம்.

"அக்கா, நானே வரணும்னு இருந்தேன். மாரியம்மாளுக்கு ஆவணி எட்டு. கோவிந்தி அண்ணிக்கு ஐப்பசி பத்து. சின்னத்தாயிக்கு ரத்தம் கம்மி, அத்த மறக்காதீங்க."

மாரியம்மாளின் பையன் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வெளியே போவதை வரும்போதுதான் பார்த்தேன். "மறக்கல" என்றேன்.

"எனக்குத் தை இருவது" என்றாள், குரலைத் தாழ்த்தி. சந்தியா தலை நிமிராமல் கிழங்கைக் கழுவினாள். அவளுக்கு இது பழகிவிட்டது. "வாந்திதான்கா தாங்கல. பாட்டில் போட்டா தேவல. வேற யாரையும் போடச் சொல்லாதீங்க, நீங்களே போடுங்க. உங்க கைதான் வலிக்காது."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முழங்கையை நீட்டி என் மடியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நரம்பு நன்றாகத் தெரிந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எதற்காக நீட்டினாள் என்பது அவளுக்கு மறந்துபோயிற்று, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கிழங்கை எடுத்துக்கொண்டாள்.